சோலைமந்திகளை முறையாகக் கணக்கெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்), ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் மழைக்காடுகளிலும், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவுகளாக எஞ்சியுள்ள வால்பாறைச் சோலைகளிலும் வாழ்கின்றன. புலிகளைத் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு கணக்கிடலாம். ஆனால் பெரும்பொழுதை மர உச்சியிலேயே கழிக்கும் இவற்றைக் கணக்கிட, ஒவ்வொரு கூட்டத்தையும் விடியல் முதல் அந்திவரை பின்தொடர்ந்து, ஆண், பெண், குட்டி எனத் தனித்தனியே பதிய வேண்டும். பெண் மந்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குட்டி ஈனும் என்பதால், மொத்த எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதாது.

சென்ற மாதம் புதுத்தோட்டம் சாலையில், வயிற்றோடு ஒட்டிய குட்டியுடன் ஒரு தாய் மந்தி, காரிலிருந்து வீசப்பட்ட சிப்ஸ் பொட்டலத்தை நடுச்சாலையில் அமர்ந்து கிழித்துக்கொண்டிருந்ததைக் கண்டு மனம் பதைத்தது. சாலைக்கு மேலே மரங்களை இணைத்துக் கட்டிய பாலங்களை இம்மந்திகள் பயன்படுத்துகின்றன. அவற்றைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். காப்பக எல்லைக்கு வெளியே, தனியார் தோட்டங்களில் வாழும் கூட்டங்களையும் வனத்துறை கணக்கெடுப்பில் சேர்ப்பதுடன், காட்டை நன்கறிந்த காடர் பழங்குடி மக்களை வழிகாட்டிகளாக மட்டுமன்றிப் பதிவாளர்களாகவும் உரிய ஊதியத்துடன் அமர்த்த வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வால்பாறை வாசகர்