மூத்தோர் பேசட்டும், நாம் கேட்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் நலன் என்றாலே ஓய்வூதியம், மருத்துவம், முதியோர் இல்லம் என்ற மூன்றோடு பேச்சு நின்றுவிடுகிறது. மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் பராமரிப்பு என்பதற்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்றே பொருள் தருகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மூன்று வேளையும் குறைவின்றி உண்டு, மாத்திரைகளையும் தவறாமல் விழுங்கி, பகல் முழுவதும் பேச ஆளின்றி இருப்பவரின் குறைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அதுவும் உயிரைக் குடிக்கும் குறைதான்: எல்லா வயதினரையும் சேர்த்து, தனிமையுணர்வோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் என உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது.

மதுரையில் இதற்கு மருந்து ஊரைச் சுற்றியே கிடக்கிறது. சென்ற தை மாதம் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு நாங்கள் சிலர் சென்றபோது, படியேற இயலாத பெரியவர் ஒருவரை அடிவாரத்து ஆலமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு மேலே போனோம். மகாவீரர் சிற்பத்தையும் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டையும் பார்த்துவிட்டு இறங்கி வந்தால், அவரைச் சுற்றிக் கல்லூரிப் பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். மடை, குமிழி, கலுங்கு, மறுகால் என்று கண்மாய் எனப்படும் ஏரியின் உறுப்புகளைப் பெயர் பெயராகச் சொல்லி, மடை திறக்கும் உரிமை யாருக்கு இருந்தது, எந்த வயலுக்கு முதலில் நீர் போனது என்று விளக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் நாளெல்லாம் பேசினாலும் பத்து வார்த்தை தேறாது என்று அவருடைய மகன் பிறகு சொன்னார்.

ஆகவே, முதியோரைப் பேருந்தில் ஏற்றிச் சுற்றிக்காட்டி இறக்கிவிடும் சுற்றுலாவை நான் கேட்கவில்லை; அவர்கள் பேச, இளையோர் கேட்கும் நடைகளைத்தான் கேட்கிறேன். கீழடி அகழாய்வில் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுடுமண் வட்டச்சில்லுகளும் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்திருக்கின்றன. அதே போன்ற சில்லை எறிந்து பாண்டி ஆடியவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அருங்காட்சியகம் வரும் நாளில் அவர்களையும் அழைத்து, ஆட்ட விதியைச் சொல்லித்தரச் சொல்லலாம். கண்மாய்க்கரையில் குப்பைமேனியையும் தும்பையையும் அடையாளம் காட்டத் தாவரவியல் பட்டதாரியைத் தேட வேண்டியதில்லை.

ஆண்களுக்காவது டீக்கடையும் கோயில் திண்ணையும் உண்டு. மலைக்கும் கண்மாய்க்கும் குழுவாகச் செல்லும் இத்தகைய நடைகள் பெரும்பாலும் அடுப்படி வேலை மிகுந்த காலை நேரத்தில் அமைவதால் வயதான பெண்களால் வர முடிவதில்லை. மாலை 4 மணிக்கு வைத்தால் வருவார்கள்.

தொல்லியல் துறையும் வனத்துறையும் மாநகராட்சியும் சேர்ந்து, மாதம் ஒரு வார நாளில், ஒரு வார்டு முதியோரைக் கொண்டாவது இதைத் தொடங்க வேண்டுகிறேன். ஏற முடியாதவர்களுக்காகக் கல்வெட்டின் பெரிய படத்தை அடிவாரத்திலேயே வைக்கலாம். அதற்கும் முன்னதாக, முதுகு சாயும் இருக்கையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் அங்கே வேண்டும். கழிப்பறை இல்லையென்று தெரிந்தால், எழுபது வயதுக்காரர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் புறப்படுவார். அல்லது புறப்படவே மாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
மதுரை.