அம்மாவுக்குக் கஞ்சி மட்டும் போதாது

வெள்ளவத்தை

அன்புள்ள வசந்தி,

அம்மா வெள்ளிக்கிழமை தெஹிவளை வீட்டுக்கு வந்துவிடுவா என்று எழுதியிருந்தாய். சத்திரசிகிச்சைக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள் என்பதும் நல்ல செய்தி. விழுந்து முறிந்த எலும்பைத் தகடும் ஆணியும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அவ பழையபடி தானாக எழும்பிக் குளியலறைக்குப் போவது தொடைத் தசையின் கையில்தான் இருக்கிறது. படுக்கையில் கிடக்கக் கிடக்க அந்தத் தசை கரையும்.

முதலில் பத்தியக் கதை. "மீனும் முட்டையும் கிரந்தி, புண் ஆறாது" என்று மாமி தடுக்கிறா என்றாய். மாமியின் அக்கறை விளங்குகிறது. ஆனாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. புண் மூடவும் தசை தேறவும் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லாதவருக்கு அவற்றை நிறுத்துவதால்தான் புண் ஆறச் சுணங்கும்.

இந்த நிலையில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. அம்மா 50 கிலோ என்றால் 60 முதல் 75 கிராம். வெறும் அரிசிக் கஞ்சி ஒரு கோப்பையில் 2 கிராம் அளவுதான் வரும். வயிறு நிரம்பிவிடும், உடம்புக்கு ஒன்றும் சேராது.

கஞ்சிதான் இறங்கும் என்றால் இப்படிச் செய். அரிசியோடு கொஞ்சம் பயறும் போட்டுக் குழைய அவி. கொதிக்கும்போது அடித்த முட்டை ஒன்றை நூல்போல ஊற்றிக் கிண்டி, நன்றாக வேகவிடு. இறக்கியபின் இரண்டு மேசைக்கரண்டி பால்மாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்துச் சேர். மாவாகவே கொட்டினால் கட்டிபடும். அதே கோப்பையில் இப்போது 12 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும்.

மற்ற நேரங்களில்: காலையில் இடியப்பத்தோடு இரண்டு அவித்த முட்டை. மத்தியானம் முள் நீக்கிய பாரை மீன் 100 கிராம் அளவு, கட்டிப் பருப்பு, குழைந்த சோறு. இரவுக்கு மீன் சொதி. இடையில் பால்மாப் பால் ஒரு தம்ளர், ஒரு யோகட். இவ்வளவும் உள்ளே போனால் 60ஐத் தாண்டிவிடும். ஒரே தரம் தட்டு நிறைய வைத்தால் பார்த்தவுடனேயே வேண்டாம் என்பா. ஆறு தரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. நோவுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் பசியையும் குறைக்கும், மலச்சிக்கலையும் கொண்டுவரும். பப்பாசிப்பழமும், நாளுக்கு 1.6 லீற்றர் அளவு நீராகாரமும் அதற்குத்தான். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வைத்தியர் தண்ணீரை மட்டுப்படுத்தியிருந்தால் அவர் சொன்ன அளவுதான். சிறுநீரக நோய் இருந்தால் புரதத்தைக் கூட்டுமுன்பும் அவரிடம் கேள்.

அம்மாவுக்கு நீரிழிவு என்பதால் இன்னொன்று. சாப்பாடு குறைந்த நாளில் பழைய அளவு மாத்திரையோ இன்சுலினோ கொடுத்தால் சீனி தாழ்ந்து மயக்கம் வரலாம், திரும்பவும் விழுந்துவிடலாம். அப்படியான நாளில் எவ்வளவு கொடுப்பது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வை. கல்சியம் மாத்திரையைத் தைரொயிட் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதே, நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். விட்டமின் டி எவ்வளவு என்பதையும் வைத்தியரே எழுதட்டும்.

கட்டிலில் சாய்ந்தபடி ஊட்ட வேண்டாம். கதிரையில் நிமிர்ந்து, பாதம் தரையில் பட இருக்கட்டும். பொய்ப்பல் ஆஸ்பத்திரிப் பையிலேயே கிடக்கிறதா என்று இன்றே பார். பல் இல்லாமல் "பசியில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். விழுங்கும்போது இருமினால் கட்டாயப்படுத்தாமல் வைத்தியருக்குச் சொல்.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை விடாதே. வேலை கொடுக்காத தசைக்கு எவ்வளவு ஊட்டினாலும் பலம் ஏறாது. பயிற்சி முடிந்ததும் அந்தப் பால் தம்ளரைக் கையில் கொடு.

கிழமைக்கொருதரம் ஒரே உடுப்போடு நிறை பார்த்து எழுதி வை. ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டில் இருக்கும் நிறையையும் மருந்துப் பட்டியலையும் எனக்கு அனுப்பு. ஞாயிறு வரும்போது அதைப் பார்த்து அளவுகளைத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
மாலதி