பெகோனியாவுக்கு மரத்தடிதான் சரி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் தோட்டக் குறிப்பில், பனிக்காலத்தில் மலைப்பகுதிக்காரர்கள் பெகோனியாவை நிழலிலிருந்து எடுத்துத் திறந்த வெயிலில் வைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். உதகை, கொடைக்கானல் பக்கம் யாராவது அதை நம்பிச் செய்துவிடப் போகிறார்கள்.

உறைபனி அதிகம் பிடிப்பது திறந்தவெளியில்தான். மேகமில்லாத ராத்திரியில் தரையின் சூடு மேலே போய்விடுகிறது. மரம் இருந்தால் கிளைகள் அதில் கொஞ்சத்தைத் தடுத்து நிறுத்தும். போன ஜனவரியில் பக்கத்து வீட்டு முற்றத்துத் தொட்டிகளில் இருந்த பெகோனியா எல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கின. அதே செடி எங்கள் சைப்ரஸ் மரத்தடியில் ஓரத்து இலைகள் மட்டும் கருகித் தப்பித்துக்கொண்டது. பனி பட்ட இலையில் காலை வெயில் சுள்ளென்று விழுந்தால் சேதம் இன்னும் கூடும். அதனால் கிழக்குப் பக்கம் மறைப்பு இருப்பது நல்லது. தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடிகளைக் கொண்டு மூடுகிறார்களே, அதுவும் இதே கணக்குத்தான்.

சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பூவோடு விற்கும் சின்ன ரகங்களைப் பற்றி நான் பேசவில்லை. அவை போனால் போகட்டும். குளிர் தாங்குவதற்கென்றே ஒரு இனம் இருக்கிறது: சீனாவைச் சேர்ந்த பெகோனியா கிராண்டிஸ். இலையைத் திருப்பிப் பார்த்தால் நரம்பெல்லாம் சிவப்பாக ஓடும். இளஞ்சிவப்புப் பூ. குளிர் முற்றியதும் தண்டு முழுக்கச் சாய்ந்துவிடும். செத்துப்போச்சு என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். சாய்வதற்கு முன்பே, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடங்களில் பயறளவு குமிழ்கள் உண்டாகி உதிரும். சூடு திரும்பியதும் அவையும் முளைத்து வரும். முதல் வருடத்தில் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

பெகோனியாவைக் கொல்வது பெரும்பாலும் நிழல் இல்லை, தண்ணீர்தான். கிழங்கு தூங்கும்போது ஊற்றினால் அழுகிவிடும். மண்ணில் மணலும் இலைமக்கும் தாராளமாகக் கலந்து, மேட்டுப் பாத்தியாக வையுங்கள். எங்கள் சரிவுகளில் காட்டு பெகோனியாக்கள் ஈரப்பாறை இடுக்கில் வளர்கின்றனவே என்பார்கள். அங்கே தண்ணீர் வழிந்தோடுகிறது, தேங்குவதில்லை. (அவற்றைத் தோண்டி வந்து தொட்டியில் வைப்பவர்களுக்கு வேறு கடிதம் எழுத வேண்டும்.)

டிசம்பர் பனி தொடங்குவதற்குள் அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

– ஒரு வாசகி,
காந்தல், உதகை