தோப்புக்கு ஏற்ற வண்டி

அன்புள்ள அம்மிணி,

நீயும் மாப்பிள்ளையும் ஆனைமலைப் பக்கம் வாங்கியிருக்கும் 14 ஏக்கர் தென்னந்தோப்புக்கு 50 எச்.பி. டிராக்டர் ஒன்றை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். 24 முதல் 28 எச்.பி.க்குள், அகலம் குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றும், அதன் பின்னால் மாட்டுவதற்கு நான்கு அடி அகலத்தில் புல்வெட்டி ஒன்றும் அந்தத் தோப்புக்குப் போதும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். பல லட்ச ரூபாய் போட்டு வாங்கும் பொருள் என்பதால் காரணங்களை எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

டிராக்டர் என்றதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் உழவுதான் நினைவுக்கு வருகிறது. உன் தோப்பில் உழவு வேலையே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து கொத்துக்கொத்தாகக் கிளம்பும் சல்லிவேர்களில் பெரும்பங்கு மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள்ளேயே இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை ரோட்டவேட்டர் என்னும் சுழல்கலப்பை போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று பெருமைப்படுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த வேர்களில் மேலாக இருப்பவற்றை அறுக்கிறார்கள். அதோடு, திறந்து கிடக்கும் மண் சித்திரை வெயிலில் காய்ந்து, ஆடிச்சாரலில் சரிவை நோக்கிக் கரைந்து போகிறது. புல்லை மூன்று அங்குல உயரம் விட்டு வெட்டி, வெட்டியதை அங்கேயே கிடக்கவிட்டால் மண் மூடியிருக்கும், ஈரம் நிற்கும், மண்புழு திரும்பி வரும். ஆகவே உனக்கு வேண்டியது வெட்டுகிற வேலைக்கான வண்டி. இதை முதலில் முடிவு செய்துகொண்டால் எந்த வண்டி என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தது இடம். உன் தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி விட்டு நட்டிருக்கிறார்கள். ஏக்கருக்கு 70 மரம் என்ற கணக்கு சரியாக வருகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் தூரிலிருந்து ஆறு அடிக்கு வட்டப்பாத்தி; அதற்குள் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது என்பதால் எந்தச் சக்கரமும் அதன் மேல் ஏறக் கூடாது. இரண்டு பக்கமும் ஆறாறு அடியைக் கழித்தால் நடுவே 13 அடி மிஞ்சுகிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் பெரிய வண்டி தாராளமாகப் போகும் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்க வேண்டும். வெறும் தென்னை மட்டும் இருந்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் கிழக்குப் பாதியில் இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவே கோகோ நிற்கிறது. கோகோ வரிசை நட்டநடுவில் வருவதால் தென்னைக்கும் அதற்கும் இடையே பன்னிரண்டரை அடிதான். அதில் பாத்திக்கு ஆறு அடியையும், தாழப் படரும் கோகோக் கிளைகளுக்கு இரண்டு அடியையும் விட்டால் நான்கு அடிக்குச் சற்று மேல்தான் வழி கிடைக்கும். ஏறத்தாழ ஆறு அடி அகலமுள்ள 50 எச்.பி. வண்டி அதற்குள் நுழைந்தால் ஒன்று குழாய் போகும், இல்லையென்றால் கோகோக் காய் போகும். மினி டிராக்டர்களில் மூன்றரை அடி அகலத்துக்குள் வருகிற வண்டிகள் இருக்கின்றன. மேற்குப் பாதியிலும் ஜாதிக்காய் வைக்கலாம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. அப்படி வைத்தால் அங்கேயும் இதே நிலைதான்.

எடையையும் பார்க்க வேண்டும். 50 எச்.பி. வண்டி ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். மினி டிராக்டர் ஏறக்குறைய ஒரு டன் அல்லது அதற்கும் குறைவுதான். புல் வேகமாக வளர்வது மழைக்காலத்தில்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் உன் நிலத்துக்குக் கிடைக்கின்றன. ஆகவே ஈரம் முழுதும் காயாத மண்ணில் ஆண்டுக்கு நான்கைந்து முறை ஒரே தடத்தில் வண்டி போயாக வேண்டியிருக்கும். இரண்டு டன் அப்படிப் போய்வந்தால் அடிமண் இறுகித் தண்ணீர் இறங்காது. எடை குறைந்த வண்டி ஈரத்தில் வழுக்குமே என்று கேட்பாய். அதற்காகத்தான் ஃபோர் வீல் டிரைவ் என்று சொல்கிறேன். முன்சக்கரமும் இழுத்தால் செம்மண் சரிவில்கூட நிதானமாக ஏறும்.

இவ்வளவு சிறிய வண்டிக்கு வலு போதுமா என்பதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நான் சொன்ன புல்வெட்டிக்கு, அதாவது ஸ்லாஷர் என்னும் சுழல்வெட்டிக்கு, அகலத்தில் அடிக்கு ஐந்து எச்.பி. என்று வைத்துக்கொள்வது வழக்கம். நான்கு அடிக்கு 20 ஆகிறது. எஞ்சினில் 24 எச்.பி. என்று எழுதியிருந்தாலும் பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றுகிற பி.டி.ஓ. தண்டுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வந்து சேரும். ஆகவே விலைப்பட்டியலில் எஞ்சின் எச்.பி.யைப் பார்க்காமல் பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு என்று கேட்டு வாங்கு. 20க்குக் குறைந்தால் வேண்டாம். மஹிந்திரா ஜீவோ 245 வண்டி 24 எச்.பி.; ஜான் டீர் 3028 வண்டி 28 எச்.பி. இவற்றில் எது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. நான்கு அடி வெட்டியை மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திரும்புகிற நேரத்தையும் சேர்த்து, ஒரு மணிக்கு அரை ஏக்கருக்குக் குறையாமல் முடியும். நான்கைந்து நாளில் தோப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடலாம்.

கிளட்ச் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. சிங்கிள் கிளட்ச் வண்டியில், வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் வெட்டியின் கனமே தண்டு வழியாகக் கியர் பெட்டியைத் திருப்பி, நீ கிளட்சை மிதித்த பிறகும் வண்டியைச் சில அடி முன்னால் தள்ளிவிடும். எதிரே மரமோ வாய்க்காலோ இருந்தால் அந்தச் சில அடி போதும். வண்டியின் ஓட்டத்தையும் தண்டின் சுழற்சியையும் தனித்தனியாக நிறுத்தும் டபுள் கிளட்ச் உள்ள வண்டியாகப் பார். கிடைக்காவிட்டால், வெட்டியின் சுழற்சி வண்டியைத் தள்ளாமல் தடுக்கும் ஓவர்ரன்னிங் கிளட்சைத் தண்டில் மாட்டித் தரச் சொல்.

வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியை மாப்பிள்ளை மிகவும் விரும்புகிறார் என்று தெரியும். அது சமதளமான புல்தரைக்குச் செய்தது. தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் ஓடும் அந்த வண்டி நம் தோப்பின் கல்லையும் குரும்பையையும் மட்டைத் துண்டுகளையும் தாங்காது. பெல்ட் அறுந்தால் பக்கத்தில் கிடைக்கவும் செய்யாது. சங்கிலிபோல் பல சின்னக் கத்திகள் தொங்கும் ஃப்ளெய்ல் வகை, கல்லைத் தூக்கி எறிவது குறைவு என்பதால் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அதற்கு வலு கூடுதலாக வேண்டும், கத்தி மாற்றும் செலவும் அதிகம். ஸ்லாஷரின் இரண்டு கத்திகளை எந்த லேத்திலும் தீட்டிக்கொள்ளலாம். முன்னும் பின்னும் சங்கிலித் திரை உள்ளதாக வாங்கு. வெட்டும்போது கூப்பிடு தூரத்துக்குள் யாரும் நிற்க வேண்டாம்.

தென்னைமட்டை தனிப் பிரச்சினை. ஒரு மரம் ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டையாவது தள்ளும். உன் 980 மரத்துக்கு ஏறக்குறைய 12,000 மட்டை. அடிமட்டையின் கட்டைப் பகுதி ஸ்லாஷரின் கியர் பெட்டியை உடைத்துவிடும், அதன் மேல் ஓட்டவே கூடாது. அதற்கென்று பி.டி.ஓ.வில் ஓடும் மட்டை தூளாக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பெரிய டிராக்டர் வேண்டும். இந்த ஒரு வேலைக்காகப் பெரிய வண்டி வாங்குவது நியாயம் ஆகாது. மட்டைகளைச் சேர்த்து வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை வாடகைக்கு ஆள் வரவழைத்து அரைத்துவிட்டு, தூளைப் பாத்தியில் மெல்லியதாகப் பரப்பச் சொல். குவியலாக விட்டு மக்கவைத்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும்.

பாத்திக்குள் இருக்கும் புல்லை வண்டியால் வெட்ட முயல வேண்டாம். தென்னை மரத்தில் காயம் பட்டால் மாமரம்போல் பட்டை வளர்ந்து மூடாது. வெட்டுப்பட்ட இடம் மரத்தின் ஆயுள் முழுக்க அப்படியேதான் இருக்கும். சிவப்புக் கூன்வண்டு காயத்தின் வாடையைத் தேடி வந்து முட்டை வைக்கும். உள்ளே புழு குடைவது தெரியவரும்போது பெரும்பாலும் மரம் கைவிட்டுப் போயிருக்கும். முப்பது ஆண்டு வளர்த்த மரத்தை ஒரு இரும்பு விளிம்பு உரசியதற்காக இழக்கக் கூடாது. பாத்திக்கு நைலான் நரம்பு மாட்டிய பிரஷ் கட்டர் ஒன்று தனியாக வாங்கிக்கொள். அதில்கூட இரும்புப் பிளேடு போட்டுத் தூர் அருகே போக வேண்டாம். வேலியோரம் பார்த்தீனியம் நிற்கிறது. அது பூப்பதற்கு முன்பே கையுறை போட்டுப் பிடுங்கச் சொல். பூத்த பிறகு இயந்திரம் விட்டால் மகரந்தம் பறந்து, ஓட்டுகிறவருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் வரும்.

பெரிய வண்டி தேவைப்படும் நாட்கள் ஆண்டில் சில வரும். தொழுவுரம் இறக்கவும், சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்தவும் ஊரிலேயே வாடகை வண்டி இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையும் இ-வாடகை செயலி வழியாக இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. தேங்காயை வியாபாரியே லாரி கொண்டுவந்து ஏற்றிப் போகிறார் என்பதால் டிரெய்லர் வாங்கும் எண்ணத்தையும் இப்போதைக்குத் தள்ளிவை.

செலவைப் பற்றி இரண்டு விஷயம். டிராக்டருக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. விலைச்சீட்டில் அது சரியாகக் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று பார். 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் பெண் விவசாயிகளுக்கு, இயந்திரத்துக்கு ஏற்ற உச்சவரம்புக்குள், 50 சதவீதம் வரை மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 40. பத்திரம் உன் பெயரில் இருப்பதால் நீயே விண்ணப்பம் போடு. ஒப்புதல் வருவதற்கு முன்பு பணம் கட்டி வண்டியை எடுத்துவிடாதே. அதேசமயம், மானியப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் தோப்புக்கு ஒவ்வாத வண்டியையும் ஏற்க வேண்டாம். மானியத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மெக்கானிக். பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ சொந்தப் பட்டறை வைத்து, போன் செய்தால் அன்றே ஆள் அனுப்பும் கம்பெனி எதுவோ, அந்தக் கம்பெனியின் வண்டியை எடு. ஐப்பசியில் ஒரு ஆயில் சீலுக்காக வண்டி நின்றால் புல் காத்திருக்காது.

இனி எழுதப்போவதை மாப்பிள்ளையும், தோப்பில் குடியிருந்து பண்ணையம் பார்ப்பவரும், வண்டியைத் தொடப்போகும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். கணக்குப் போட்டால் நொடிக்கு ஒன்பது முறை. வேட்டி நுனியோ துண்டோ உன் துப்பட்டாவோ அதில் பட்டால், கையை எடுக்க வேண்டும் என்று மூளை நினைப்பதற்குள் ஆளை இழுத்துச் சுற்றிவிடும். தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாமல் வெட்டியை வாங்காதே, உறை உடைந்தால் அன்றைக்கே மாற்று. வெட்டியில் எது சிக்கினாலும் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் இறங்க வேண்டும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவையும் சீட் பெல்ட்டையும் விலை கூடினாலும் கேட்டு வாங்கு. கோகோ வரிசையில் கிளை தட்டும் என்பதால் மடக்கக்கூடிய வளைவாக இருக்கட்டும், வாய்க்கால் கரைக்கு வந்ததும் நிமிர்த்திவிட வேண்டும். மரத்தடியை இழுக்க நேர்ந்தால் சங்கிலியைத் தாழ இருக்கும் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாக ஓட்டுநர் மேலேயே விழும். பேத்தியை மட்கார்டில் உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டலாம் என்ற ஆசை எவருக்கும் வரக் கூடாது, அம்மிணி. இதில் நான் யார் சொல்லையும் கேட்க மாட்டேன்.

தீபாவளிக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாக லீவு போட்டு வா. இரண்டு கம்பெனிக்காரர்களையும் அன்றைக்குத் தோப்புக்கே வண்டியும் வெட்டியுமாக வரச் சொல்கிறேன். கிழக்குப் பக்கக் கோகோ வரிசையில், முழங்கால் உயரப் புல்லில், நம் ஆளே ஓட்டிப் பார்க்கட்டும். அளவு நாடாவை நான் எடுத்து வருகிறேன். பட்டா, சிட்டா, ஆதார் நகல்களை நீ மறக்காமல் கொண்டு வந்துவிடு. வண்டி முடிவானால் மறுநாளே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா