அரை டம்ளர் டீக்கும் மற்றதற்கும் நன்றி

அன்புள்ள ஊராருக்கு, வணக்கம்.

என் தம்பி கோரைக் களத்தில் வேலைக்குச் சேர்ந்து இந்தத் தை மாதத்தோடு ஒரு வருஷம். முசிறிப் பக்கம் கோரை அறுத்துக் காயவைப்பது பெரிய விஷயமில்லைதான். ஆனால் செல்போன் டவர் வழியாக யாரோ தன் பேச்சைக் கேட்கிறார்கள் என்று ஜன்னலில் சாக்கு கட்டிக்கொண்டு கிடந்தவன் அவன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு. அம்மாவுக்கு பி.பி. பார்க்க வந்தவர், "ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டார். உள் அறையில் யார் என்று அப்புறம்தான் கேட்டார். மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கியிருந்தோம் என்று சொன்னபோது முகம் சுளிக்கவில்லை. "சாமியும் கும்பிடுங்க, மாத்திரையையும் விடாதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று, 1996-97இலேயே. எங்கள் வாசலுக்கு அது வந்துசேர இத்தனை காலம் ஆனதில் எங்கள் பங்கும் உண்டு. நாங்கள்தானே மறைத்து வைத்தோம்.

அப்பாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும், இப்போது அவர் இல்லை. "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரைச் சொல்லி மறுத்தவர் அவர்.

நூறு நாள் வேலைக்கு வரும் அக்காக்களே, வேப்பமர நிழலில் சோற்று நேரத்தில் செவிலியர் அக்கா மனச்சிதைவு என்கிற, தம்பிக்கு வந்த மனநோயைப் பற்றிப் பேச வந்தபோது, எழுந்து போகாமல் கேட்டீர்கள். "பேய் பிடிச்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒரு பாட்டி கேட்டாரே, அதைக் கேட்க எனக்கு நாலு வருஷமாகத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து தெருவில் யாரும் அவனை அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சரி, ஒன்றிரண்டு பேர் இன்னும் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இந்த மடல் இல்லை.

டீக்கடை மாமாவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மாத்திரையால் தம்பிக்குக் கை நடுங்கும். ஒருநாள் டம்ளர் நிறைய ஊற்றி, அது வேட்டியில் சிந்தி, நாலு பேர் சிரித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவனுக்கு மட்டும் அரை டம்ளர். குடித்து முடித்ததும் கேட்காமலே இன்னொரு அரை. காசு ஒரு டீக்குத்தான். இதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானே ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். நடுக்கத்துக்கு டாக்டர் மாத்திரை சேர்த்து, இப்போது பரவாயில்லை. ஆனாலும் அரை டம்ளர் வழக்கம் நிற்கவில்லை, அவனுக்கே அதுதான் பிடித்திருக்கிறது.

களத்துக்காரர் அண்ணே, காலையில் மாத்திரை மயக்கம் தெளியாது என்றதும் "பத்து மணிக்கு வரட்டும்" என்றீர்கள். நீளம் பார்த்துக் கோரை பிரிக்கும் வேலையைக் கொடுத்தீர்கள். பேச்சில்லாத வேலை, அவனுக்குத் தோதான வேலை. கூலியில் பிடித்தம் செய்யவில்லை.

14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசிய பெண்ணுக்கும் நன்றி. பெயர் கேட்க மறந்துவிட்டேன். தம்பிக்காக இல்லை, எனக்காகத்தான் ஒரு ராத்திரி அழைத்தேன். பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் பேச ஆள் வேண்டும் என்று அவர் சொன்னபோது மணி இரண்டு. காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். நம்பரை ரேஷன் அட்டை உறையில் எழுதி வைத்திருக்கிறேன், யாருக்கு வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை, வளைகாப்புப் பத்திரிகையில் அவன் பெயரையும் எழுதிக் கொடுத்தீர்களே. அதை அவன் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிறான்.

ஆட்டோ அண்ணே, அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை. எட்டரைக்கு வந்தால் போதும். போன தடவை மாதிரி வாடகை வாங்காமல் போய்விடாதீர்கள், இந்த முறை அவன் சம்பளத்திலிருந்து தானே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.