சேர்வராயன் மலையை அளந்தவருக்கு: பேராசிரியர் பார்த்தசாரதிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் என். பார்த்தசாரதி அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். உங்களை நேரில் பார்த்ததில்லை. கட்டுரைகள் வழியாகத்தான் பழக்கம். எங்கள் சேர்வராயன் மலையின் மரங்களை எண்ணி நீங்கள் செய்த வேலை இந்த ஊரில் பலருக்குத் தெரியாது. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் தனி மடலாக அனுப்பாமல் பொதுவில் எழுதுகிறேன்.

காடு என்று பேச்செடுத்தாலே மேற்குத் தொடர்ச்சி மலைதான் முன்னால் வந்து நிற்கும். கிழக்குத் தொடர்ச்சியோ கொல்லிமலை, கல்வராயன், சேர்வராயன் என்று துண்டு துண்டாகக் கிடப்பது. சேர்வராயன் மேல் இருக்கும் ஏற்காடு என்றால் ஏரி, படகு, கோடை விழா, அதற்கு மேல் போனால் காபி. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காபி வந்தது. காட்டு மரங்கள் போன இடத்தில் நிழலுக்குச் சில்வர் ஓக் வந்தது, அதன்மேல் மிளகுக்கொடி ஏறியது. பின்னால் பாக்சைட் சுரங்கமும் வந்தது. தோட்டங்களுக்கு நடுவில் மிஞ்சிய சோலைகளில் என்னென்ன மரம் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க நீங்கள் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்து உங்கள் மாணவரோடு வந்தீர்கள். சேர்வராயன் மலையின் அரைப் பசுமைமாறாக் காட்டை (மரங்களில் ஒரு பகுதி மட்டும் இலை உதிர்க்கும் காட்டை) பற்றிய அந்த ஆய்வு 1999-ல் வெளியானது. அதே ஆண்டில் கல்வராயன், 2000-ல் கொல்லிமலை. மனிதக் கை அதிகம் பட்ட இடங்களில் மர வகைகள் மெலிந்துபோயிருப்பதைக் கொல்லிமலைக் கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டீர்கள்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்பது ஒரு தடவை டேப்பைக் கையில் பிடித்தால்தான் விளங்கும். மாணவர்களை நாகலூர்ப் பக்கம் ஒரு சோலைக்குக் கூட்டிப்போவேன். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 30 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் அந்த மரம் கணக்கில் சேரும். ஒரு நாவல் மரத்தில் விரல் பருமனுக்குக் கொடி ஒட்டிக்கொண்டு ஏறியிருந்தது. ஒரு மாணவி கொடியையும் சேர்த்தே டேப்பைச் சுற்றிவிட்டாள். கொடியை மெல்லத் தூக்கிப் பிடித்து, அதற்கு அடியில் டேப்பை நுழைத்து, பட்டையோடு ஒட்டி இழுத்து மறுபடியும் அளந்தோம். எண் குறைந்தது. ஒரே மரத்துக்கு இத்தனை பாடு. ஆனைமலையில் வரகளியாற்றுக் காட்டில் 30 ஹெக்டேர் நிலத்தில் நீங்களும் உங்கள் மாணவரும் 13,393 மரங்களைப் பதிவு செய்திருக்கிறீர்கள், 148 இனங்கள். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினால் வகுப்பில் சத்தமே இருக்காது.

நாங்கள் தூக்கிப் பிடித்த அந்தக் கொடியையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. மரத்தை எண்ணுகிறவர்கள் கொடியை இடைஞ்சலாகத்தான் பார்ப்பார்கள். நீங்கள் சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளிலும் (வறண்ட நிலத்திலும் இலை உதிராமல் நிற்கும் காடுகள்), திருமாணிக்குழி போன்ற ஊர்களின் கோயில் காடுகளிலும் பெருங்கொடிகளைத் தனியாகவே கணக்கெடுத்தீர்கள். மரம் சாய்ந்து வெளிச்சம் விழும் இடத்தில் கொடி பெருகும். மரத்தின் வளர்ச்சியை அழுத்தும். பறவைகளுக்குப் பழமும் தரும். 2015-ல் உலகெங்கும் உள்ள கொடி ஆய்வுகளைத் திரட்டி ஒரு நூலே பதிப்பித்தீர்கள். உங்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சேர்வராயன் சோலைகளில் கொடிகளைப் பார்க்க மாணவர்களுக்கு இப்போது தனி நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறோம்.

ஒரு ஆராய்ச்சியாளரின் செல்வாக்கை அவர் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்து எடை போடுவது வழக்கம். உங்களுக்கு அதிலும் குறைவில்லை. எனக்குப் பெரிதாகப்படுவது வேறு. மலைக்கு மலை ஒரே முறையில் அளந்ததால் கொல்லிமலையைச் சேர்வராயனோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. 'காடு அழிஞ்சு போச்சு' என்று டீக்கடையில் எல்லோரும் சொல்கிறோம். எந்த மரம் போனது, எது பெருகியது என்று சொல்லப் பழைய கணக்கு ஒன்று கையில் வேண்டும். எங்கள் மலைக்கு அந்தக் கணக்கு நீங்கள் எழுதி வைத்தது.

அதனால் ஒரு வேண்டுகோள் ஐயா. அன்று நீங்கள் அளந்த நிலங்களின் எல்லை மூலைகள் எங்கே என்று காட்டும் குறிப்போ வரைபடமோ இருந்தால் எங்களுக்குக் கொடுங்கள். வனத்துறை அனுமதிக்கான வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி (கேரளத்து மலையாளிகள் அல்ல) ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். இலையைக் கசக்கி மோந்தே மரத்தைச் சொல்லிவிடுவார்கள். அவர்களை முன்னால் நிறுத்தி அதே நிலத்தை, அதே 30 செ.மீ. கணக்கில் மறுபடி அளக்க வேண்டும். மரங்களுக்கு அவர்கள் வீட்டில் வழங்கும் பெயர்களை உங்கள் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதி, முழுவதையும் தமிழில் வெளியிட நினைக்கிறோம். முதல் பிரதி உங்களுக்கு வரும். முடிந்தால் ஒருநாள் ஏற்காட்டுக்கு வந்து, எங்கள் பிள்ளைகள் டேப் பிடிப்பது சரிதானா என்று பாருங்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
சேலத்துத் தாவரவியல் ஆசிரியர் ஒருவர்