அம்மா, ஞாயித்துக்கிழமை நான் வரல

அம்மா,

தம்பி இத வாசிச்சுக் காட்டும்போது பக்கத்துக் காம்பரா வீட்டுக்கும் கேக்கும். வரிசையா ஒட்டிக் கட்டின லயத்துச் சுவர் அப்படி. அதனால சிலத எழுதல. என் வீட்டுக்காரரப் பத்தி ஒன்னுமே எழுதப்போறதில்ல. அவர் வீட்டு ஆளுங்களும் இதப் பாப்பாங்க.

ஞாயித்துக்கிழமை தோட்டத் தலைவர் முன்னால ரெண்டு வீட்டுப் பக்கமும் உக்காந்து பேசுறதுக்கு நான் வரல. முடிவெடுத்துட்டேன். மொதல்ல உங்ககிட்டச் சொல்லாம இங்க எல்லாரும் பாக்குற எடத்துல எழுதுறதுக்கு மன்னிச்சுக்கங்க. நேர்ல சொன்னா நீங்க அழுவீங்க, நான் மறுபடி பேக்கத் தூக்கிட்டு அவர் வீட்டுக்கே போயிருவேன். போன தடவை அப்படித்தான போனேன்.

எனக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்குற அந்த மடுவம்தான் ஞாபகம் வந்துகிட்டே இருக்கு. பள்ளிக்கூடம் விட்டு நேரா அங்க வந்திருந்தேன். அடைமழை. கொழுந்து மூட்டைய எறக்கும்போதே "இருபது இருக்கும்"னு பெரியம்மாகிட்ட சொன்னீங்க. தராசு முள்ளும் 20லதான் நின்னுச்சு. நான் பாத்தேன். தண்ணிக்கு 2 கிலோ, சாக்குக்கு 1 கிலோன்னு கழிச்சு 17ன்னு எழுதினாரு கணக்கப்பிள்ளை. 18 இருந்தாத்தான் பேர், முழு நாள் சம்பளம். அன்னிக்கு உங்களுக்கு அரைப்பேர். இடுப்புல கட்டின படங்கெல்லாம் ஈரம். கெண்டைக்கால்ல அட்டை கடிச்ச எடத்துல ரத்தம் நிக்காம வடிஞ்சுது. நான் வாயத் தொறக்கப் போனேன், கையக் கிள்ளினீங்க. "சரிங்கய்யா"ன்னீங்க.

ராத்திரி ரொட்டிக்கு மாவு பிசையும்போது, என்னப் பாக்காம, "இருபதுதான்டி. எனக்குத் தெரியாதா?"ன்னீங்க.

அத ஏம்மா அங்க சொல்லல?

பயம்னு தெரியும். தாத்தா பொறந்தது இந்த மண்ணுலதான். 1948ல இலங்கைல வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அப்பன் இங்க பொறந்ததுக்கு, இல்லாட்டி பாட்டனும் பூட்டனும் இங்க பொறந்ததுக்கு அத்தாட்சி கேட்டுச்சு. தோட்டத்துல அந்தக் காலத்துல எத்தனை பேருக்குப் பதிவு இருந்துச்சு? காகிதம் இல்லாதவன் பேச்சு எடுபடாதுன்னு பாத்து வளந்தவங்க நீங்க. உங்களக் குத்தம் சொல்ல மனசு வரல.

ஆனா அவர் வீட்டுலருந்து வெளியேறி நான் வாசல்ல வந்து நின்ன ராத்திரி நீங்க மொதல்ல கேட்டது, "யாராச்சும் பாத்தாங்களா?" பாத்திருந்தா மானம் போச்சு, பாக்காட்டி சாட்சி இல்ல. நான் சொன்னது உங்களுக்குப் போதலையாம்மா? நீங்க பெத்த புள்ள தான நான்?

ஹட்டன்ல ஒரு வக்கீலம்மாவப் பாத்தேன். விவாகரத்துக்கு இன்னும் 1907ம் வருஷச் சட்டமாம். சேந்து வாழ முடியலன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாக்கூடப் போதாது. சோரம் போனது, வேணும்னே கைவிட்டது, கல்யாணத்தப்பவே தீராத ஆண்மைக் குறை, இதுல ஒன்ன நிரூபிக்கணும். வீட்ட விட்டு வெளியேற வச்சதும் ரெண்டாவதுல அடங்கும்னாங்க. சரி, நிரூபிக்கிறேன். கோர்ட்டுக்கு அது வேணும். எனக்கு வேணாம். எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். அதுக்குத் தலைவர் தலையாட்டணும், கோயில் கமிட்டி ஒத்துக்கணும், நாலு பேர் "பாவம்"னு சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்த காலம் போதும்.

கேஸ் போடுற அன்னிக்கு மொத பஸ்ல வாங்க. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். சாட்சி சொல்லக் கூப்பிடல, சும்மா பக்கத்துல இருங்க. தலைவரக் கூட்டிட்டு வராதீங்க.